48 வளைவுகளும் ஓர் ஏரியும்

மோட்டார் சைக்கிளில் மேகத்தைத் தொட ஆசையா? இத்தாலியின் வடக்கே, ஆல்ப்ஸ் மலையிலுள்ள ஸ்டெல்வியோ கணவாய்க்கு வாருங்கள்.

உயரம் 2,757 மீட்டர். பிராட்டோ கிராமத்துப் பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். 1820 முதல் 1825 வரை, ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில், கார்லோ டோனெகானி என்னும் பொறியாளர் அமைத்த பாதை இது. குளிர்காலத்தில் பனி மூடிவிடும், பாதையையும் அடைத்துவிடுவார்கள்.

ஏறுவது பெரிதல்ல; இறங்குவதில்தான் உயிர் இருக்கிறது. பிரேக்கையே நம்பி இறங்கினால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். பழகியவர்கள் கியரைக் குறைத்து, எஞ்சினாலேயே வேகத்தை அடக்குவார்கள். வளைவுக்குள் நுழையுமுன்பே நிதானத்துக்கு வந்துவிடுவார்கள்.

அப்படி இறங்கினால் போர்மியோ நகரம். அங்கிருந்து அடா ஆற்றின் வழியே போனால் கோமோ ஏரி. மலையடியில் நீலத் தண்ணீர். கரையிலே வரென்னா, பெல்லாஜியோ போன்ற அழகிய ஊர்கள். 1921இல் தொடங்கிய மோட்டோ குஸ்ஸி மோட்டார் சைக்கிள் நிறுவனத்தின் தொழிற்சாலையும் இக்கரையில், மண்டெல்லோவில்தான் இருக்கிறது.

ஆல்ப்ஸுக்கு நாம் போகிறோமோ இல்லையோ, இறக்கத்தின் பாடம் நமக்கும் உரியது. தோட்டத்து மேட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் இறங்கும் உங்கள் பிள்ளையிடம் இன்றே சொல்லி வையுங்கள்: இறக்கத்தில் கியரைக் குறை, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறை.