முகூர்த்தத்துக்கு முந்தி வரும் ஒப்பனைப் பெட்டி

மணப்பெண் இருக்கும் ஊருக்கே பெட்டியோடு போய் அலங்காரம் செய்து தருவது இன்று காவிரிப் படுகையில் ஒரு தனித்தொழில். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பியூட்டி பார்லர்களில் கை பழகியவர்களும், சென்னை, திருச்சியிலிருந்து வருகிறவர்களும் இதில் இருக்கிறார்கள். 'டெஸ்டினேஷன் வெட்டிங்' என்றதும் உதய்ப்பூர் அரண்மனையும் கோவா கடற்கரையும்தான் நினைவுக்கு வரும். டெல்டாவின் வெளியூர்க் கல்யாணம் பெரும்பாலும் கோயிலைச் சார்ந்தது. குலதெய்வத்தின் ஊர், வேண்டிக்கொண்ட சன்னதி, விற்காமல் வைத்திருக்கும் பூர்வீக வீடு என்று ஏதோ ஒன்றுக்காக வெளிநாட்டிலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. சுவாமிமலைப் பக்கத்து விடுதிகளும் தரங்கம்பாடிக் கடலோரத்துப் பழைய மாளிகையும் பின்னால் வந்து சேர்ந்தவை.

இந்த வகையில் முதலிடம் திருக்கடையூருக்குத்தான். அமிர்தகடேஸ்வரர் கோயிலில் 60 வயது நிறைவுக்குச் சஷ்டியப்தபூர்த்தி, 70க்குப் பீமரத சாந்தி, 80க்குச் சதாபிஷேகம் என்று ஆண்டு முழுவதும் கல்யாணக் கூட்டம். இங்கே மணப்பெண் பாட்டியாக இருப்பார். அலங்காரக் கணக்கும் மாறும். கலச நீரைத் தம்பதியர் தலைமேல் பிள்ளைகளும் உறவினரும் ஊற்றுவார்கள். அதற்குப் பிறகு ஈரம் துவட்டி, புதுப்புடவை மாற்றித்தான் திருமாங்கல்ய தாரணம். ஆகவே முதல் சுற்றில் முகத்தில் எதையும் ஏற்றுவது வீண். மெனக்கெட வேண்டியது அந்த இடைவேளையில்தான். வயதான தோலில் பவுடரை அப்பினால் சுருக்கங்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், மினுமினுப்பு சுருக்கத்தைக் கோடு போட்டுக் காட்டும். ஈரப்பதம் தரும் கிரீம், மெல்லிய பூச்சு, புருவத்தில் கொஞ்சம் திருத்தம், நரைக்குப் பொருந்தும் சவுரி, நிறையப் பூ. இவ்வளவே போதும். இளம் பெண்ணுக்குச் செய்வதைவிட இது கடினமான வேலை என்றே சொல்ல வேண்டும்.

பொதுவான கல்யாணத்தில் எஜமானன் கடிகாரம். முகூர்த்தம் காலை ஆறு மணி என்றால் தலை, முகம், புடவை, நகை எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரமாவது பிடிக்கும். கோயிலுக்குப் போகும் வழி, அங்கே மாலை மாற்றல், ஊஞ்சல் இவற்றையும் கழித்தால் மணப்பெண்ணை இரண்டு மணிக்கே எழுப்பியாக வேண்டும். அதனால்தான் வெளியூர்க் கலைஞர் முதல் நாள் மாலையே வந்து தங்குகிறார். சென்னையிலிருந்து தஞ்சாவூருக்கு உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் விடியற்காலை முகூர்த்தத்துக்கு அன்று காலை வந்துசேரும் ரயிலை நம்பக் கூடாது. உதவியாளர் ஒருவர், சொந்த விளக்கு, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர் ஆகியவையும் உடன் வரும். பழைய சத்திரங்களில் கண்ணாடி ஒரு மூலையிலும் பிளக் பாயிண்ட் மறு மூலையிலும் இருப்பது வழக்கம்.

நடுக்கல்யாணத்தில்தான் உண்மையான சோதனை. கூறைப் புடவையைத் தட்டில் வைத்துப் பெரியவர்கள் ஆசீர்வதித்துக் கொடுக்க, பெண் உள்ளே போய் அதைக் கட்டி வரவேண்டும். நாதஸ்வரக்காரர் ஒரு கீர்த்தனையை முடிப்பதற்குள் ரவிக்கை, புடவை, ஒட்டியாணம் எல்லாம் மாற வேண்டும். ஜடை கலையக் கூடாது, முகத்தில் ஒட்டியது பட்டில் ஒட்டக் கூடாது. திருபுவனம் பட்டு (2019இல் புவிசார் குறியீடு பெற்றது) போன்ற கனத்த பட்டுக்கு முதல் நாளே கொசுவமும் முந்தானையும் மடித்து, இஸ்திரி போட்டு, பின் குத்தி வைப்பது கைகொடுக்கும். ஆசீர்வாதத்துக்கு முன் புடவையைப் பிரிக்கவே விடாத வீடுகளும் உண்டு. பிராமணக் கல்யாணங்களில் கூறை ஒன்பது கெஜம். மடிசார் கட்டத் தெரியாத கலைஞர் அந்த வீட்டு மாமியின் கையைத்தான் எதிர்பார்த்து நிற்க வேண்டும்.

முகத்துக்கு வந்தால், முதல் நாள் நலங்கு மஞ்சள் ஒரு சிக்கல். மஞ்சள் தங்கிய தோலில் ஃபவுண்டேஷன் நிறம் தப்பாகத் தெரியும். ட்ரயலில் பொருந்திய நிறத்தை அன்று காலை கழுத்தோடு ஒட்டி மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் புழுக்கம். எந்த மாதமானாலும் ஓமப்புகை. வியர்வையைத் துடைத்தால் பூச்சும் கூடவே வரும், ஒற்றி எடுக்க வேண்டும். கண்மையும் மஸ்காராவும் தண்ணீருக்குக் கரையாதவையாக இருந்தால்தான் தாரை வார்க்கும்போது வரும் கண்ணீருக்குத் தாங்கும். பெண்ணை இரண்டு படி வெளுப்பாக்கிக் காட்டச் சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அதற்கு இணங்கினால் படத்தில் முகம் ஒரு நிறமும் கை வேறு நிறமுமாக நிற்கும். மாநிறத்தை மாநிறமாகவே பொலியவைப்பவர்தான் தேர்ந்த கலைஞர்.

நகையில் டெல்டாவுக்குச் சொந்த மரபே உண்டு. தஞ்சை அரசவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் பரதத்துக்கு வடிவம் கொடுத்த மண் இது. நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி, குஞ்சலம் என்று ஆடல் மேடையில் கண்ட வரிசையே இன்று மணவறையிலும். பலர் வாடகைக்கு எடுக்கிறார்கள். பூவுக்குத் தஞ்சாவூர்க் கதம்பம் இருக்கும்போது வேறெங்கும் தேட வேண்டியதில்லை. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறும். முன்கூட்டியே சொல்லிவைக்காதவர் திண்டாடுவார்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியையும் பலர் தவிர்க்கிறார்கள். வருமானமில்லாத அந்த மாதங்களைச் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் கூலி பேச வேண்டும். சலங்கை பூஜை, அரங்கேற்றம், மகா சிவராத்திரியையொட்டிய நாட்டியாஞ்சலிகள் ஓரளவு ஈடுகட்டும். சினிமா வழி பெண்களுக்கு வெகுகாலம் அடைபட்டிருந்தது. மும்பைத் திரைத்துறைச் சங்கம் ஒப்பனைக் கலைஞர் அட்டையைப் பெண்களுக்குத் தர மறுத்துவந்தது. ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில்தான் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. கல்யாணத் துறையில் பெண்களே முன்னிற்கிறார்கள். தொழில் கற்க விரும்பும் கிராமத்துப் பெண்களுக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் அழகுக்கலைப் பயிற்சி இலவசம்.

அமர்த்துகிறவர்கள் சிலவற்றைக் கேட்டே ஆக வேண்டும். பிரஷ் ஒவ்வொரு முகத்துக்கும் கழுவப்படுகிறதா? திறந்த டப்பாவின் மேல் '6எம்', '12எம்' என்று அச்சிட்ட மாதக்கெடு தாண்டவில்லையா? ஒவ்வாமை இருக்கிறதா என்று காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார்களா? பயணம், தங்குமிடம், உதவியாளர், மாமியாருக்கும் நாத்தனாருக்கும் செய்யும் அலங்காரம் இவை பேசிய தொகைக்குள் அடங்குமா? முன்பணம் கொடுக்கும் அன்றே இதையெல்லாம் தாளில் எழுதி, முகூர்த்த நேரத்தோடு கூறை மாற்றும் நேரத்தையும் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.