முதலில் வண்டி, பிறகு அடுப்பு

வீட்டை மின்சாரத்துக்கு மாற்றுவது என்றாலே பலரும் சமையலறையைத்தான் பார்க்கிறார்கள். கேஸ் சிலிண்டரை விட்டுவிட்டு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கினால் பாதி வேலை முடிந்தது என்று ஓர் எண்ணம். இன்று நம் வீட்டுக்கு வருகிற மின்சாரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இந்த வரிசை தலைகீழாகிறது. முதலில் போக வேண்டியது வாசலில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர். அடுத்தது மொட்டைமாடியில் சோலார் பேனல். அடுப்பின் முறை அதற்கும் பிறகுதான்.

14.2 கிலோ சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 180 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் இருக்கிறது. அதில் 60 சதவீதம் போலப் பாத்திரத்துக்குப் போகும். மிச்சம் சமைப்பவரை வேகவைக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் 85 சதவீதம் வரை பாத்திரத்தில் சேர்வதால், அதே சமையலுக்குச் சுமார் 125 யூனிட் போதும். இதுவரை மின்சாரத்துக்கே வெற்றி. ஆனால் நம் மின்தொகுப்பில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். அனல்மின் நிலையம் கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. மற்றது புகைபோக்கியிலும் குளிர்விப்பு கோபுரத்திலும் போய்விடும். இப்படி அரும்பாடுபட்டு எடுத்த மின்சாரத்தை அடுப்பில் மறுபடி வெப்பமாகவே மாற்றுகிறோம். இந்தியாவில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக 125 யூனிட்டுக்கு 85 கிலோவுக்கு மேல். சிலிண்டரை நேராக எரித்தாலோ 43 கிலோதான்.

ஸ்கூட்டரில் கதை வேறு. பெட்ரோல் இன்ஜின் எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கைத்தான் சக்கரத்துக்குத் தருகிறது. மின் மோட்டார் வாங்குவதில் பெரும்பகுதியைத் தந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோல் 2.3 கிலோ கரியமில வாயுவை விட்டு 45 கிலோமீட்டர் போல ஓட்டும். அதே தூரத்துக்கு மின் ஸ்கூட்டருக்கு சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து ஒன்றரை யூனிட் போதும். நிலக்கரி மிகுந்த இதே தொகுப்பிலிருந்து முழுக்க எடுத்தாலும் கணக்கு 1.1 கிலோவைத் தாண்டாது. செலவிலும் அப்படித்தான்: யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும் பதினைந்து ரூபாய். பேட்டரிக்கும் ஆயுள் உண்டு, மாற்றச் செலவாகும் என்பது நியாயமான ஆட்சேபம். தினமும் இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்தச் செலவு பெட்ரோல் மிச்சத்திலேயே வந்துவிடும். வாரம் ஒருமுறை கோயிலுக்கு எடுக்கிற வண்டிக்கு வராது.

கேஸுக்கு எதிராகவும் வலுவான வாதம் இருக்கிறது. நாம் எரிக்கிற எல்பிஜியில் பாதிக்கு மேல் இறக்குமதி. காற்றோட்டம் இல்லாத சமையலறையில் அடுப்புச் சுடர் விடும் நைட்ரஜன் டையாக்சைடு நுரையீரலுக்கு நல்லதல்ல. இவற்றை நான் மறுக்கவில்லை. அதனால்தான் அடுப்பை மாற்றவே வேண்டாம் என்று சொல்லாமல், கூரையில் பேனல் ஏறிய பிறகு மாற்றச் சொல்கிறேன்.

பேனல் யாருக்கு லாபம் என்பதைத் தமிழ்நாடு மின்வாரியத்தின் கட்டணப் படிகளே சொல்லிவிடும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படிப்படியாக ஏறி, 600ஐத் தாண்டினால் யூனிட் ஒன்பது ரூபாய்க்கு மேல். 500ஐக் கடந்தாலே கீழ்ப்படிகளின் சலுகையும் குறைந்துவிடும். ஆகவே 250 யூனிட்டோடு நிற்கிற வீட்டுக்குப் பேனலால் பெரிய மிச்சம் இல்லை. ஏசி ஓடி 700 யூனிட் ஆகிற வீட்டுக்குப் பில் நாலாயிரம் ரூபாயை ஒட்டி வரும். மூன்று கிலோவாட் பேனல் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தருவதால் அந்த வீட்டின் தேவை ஏறக்குறைய முழுதும் தீரும். 2024இல் தொடங்கிய பிரதமர் சூர்யகர் திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மானியம். மானியம் போகக் கைப்பணம் ஐந்தாறு ஆண்டில் திரும்பும். பேனலோ இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். பெரிய வீட்டுக்காரருக்கே மானியமா என்று கேட்டால், கேள்வி சரிதான். அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பவருக்கு மொட்டைமாடியே சொந்தமில்லை; அவருக்கு ஸ்கூட்டர்தான் வழி.

விற்பவர்கள் அழுத்திச் சொல்லாத ஒன்று: பேட்டரி இல்லாத சோலார், கரன்ட் போனால் நண்பகலிலும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் மீது மின்சாரம் பாயக்கூடாதென்ற ஏற்பாடு அது. இரவு சமைத்தால் அப்போது வருவது நிலக்கரி மின்சாரம். பகலில் நாம் தொகுப்புக்கு அனுப்பிய யூனிட்டை நெட் மீட்டர் பில்லில்தான் கழிக்கும். அதனால் பேனல் வைத்த வீட்டில் சாதமும் பருப்பும் முற்பகலிலேயே இண்டக்‌ஷனில் வெந்துவிடுவது நல்லது. அலுமினியக் குக்கரும் மண்சட்டியும் அதில் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் வேண்டும். இரவுத் தோசைக்குக் கேஸ் அடுப்பு இன்னும் சில ஆண்டு இருக்கட்டும்.