மேற்கே ஓர் ஊர் – 9: மூன்று வருஷத்துக் குடித்தனம்

சென்ற வாரம் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையின் கதையைப் பார்த்தோம். 1961-இல் தொடங்கி 1965-இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய தொழிற்சாலை அது. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் பலர் பட்டாபிராமிலும் திருநின்றவூரிலும் மனை வாங்கி, வீடு கட்டி, பேரன் பேத்தி எடுத்து இந்த ஊர்க்காரர்களாகவே ஆகிவிட்டார்கள். அதே ஆவடியில் மனை வாங்கும் யோசனையே இல்லாமல் குடித்தனம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். குரூப் சென்டர், ராணுவத்தின் தளவாடக் கிடங்கு ஆகியவற்றுக்கு மாற்றலாகி வருகிற இளம் குடும்பங்களைச் சொல்கிறேன். இரண்டு வருஷம், மூன்று வருஷம் இருப்பார்கள். பிறகு அடுத்த போஸ்டிங் வந்துவிடும்.

கணவனுக்கு இருபத்தெட்டு வயது இருக்கும், மனைவிக்கு இருபத்துநாலு, இடுப்பில் ஒரு குழந்தை. ஜுன்ஜுனுவிலிருந்தோ ரோஹ்தக்கிலிருந்தோ சிவானிலிருந்தோ வந்திருப்பார்கள். அயல்நாட்டுக்கு மாற்றலாகிப் போகிற குடும்பம் படுகிற சிரமம் அத்தனையும் இவர்களுக்கு உண்டு. பேச்சு புரியாது, எழுத்து படிக்க வராது, சாப்பாடு வேறு, வெயில் வேறு. பாஸ்போர்ட் மட்டும்தான் தேவைப்படவில்லை.

இவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் பெயர், ரேங்க், நம்பர், போய்ச் சேர வேண்டிய ஊர். மாற்றல் வந்ததும் ஊர்ப்பெயரின் மேல் கறுப்பை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதுவார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பழைய எழுத்துகள் புடைத்துக்கொண்டு தெரியும். முத்தாபுதுப்பேட்டையில் நான் பார்த்த ஒரு பெட்டியில் ஆவடிக்கு அடியில் ஜோத்பூர் இருந்தது, அதற்கும் அடியில் தேஜ்பூர். சாமான்களை எடுத்து வைத்துவிட்டாலும் பெட்டிக்கு வேலை தீராது. இரண்டைச் சேர்த்துப் போட்டு மெத்தை விரித்தால் திவான், ஒன்றின் மேல் துணி போட்டால் டி.வி. ஸ்டாண்டு. கட்டிலும் பீரோவும் வாங்கினால் அடுத்த முறை லாரி வாடகை ஏறும் என்பதால் பெட்டிகளை வைத்தே வீட்டை ஒப்பேற்றிவிடுகிறார்கள்.

கோதுமை மாவும் எண்ணெயும் சோப்பும் கேன்டீனில் கிடைக்கும். காய்கறிக்கு ஆவடி மார்க்கெட்டுக்குத்தான் வர வேண்டும். அங்கே ஒரு காலை வேளையில் காதில் விழுந்தது இது.

"என்னம்மா, லவுக்கியா? இன்னிக்கு நல்லாப் பிஞ்சா வந்திருக்கு பாரு."

"ஆமாக்கா. ஆதா குடுங்க."

"பாதின்னு சொல்லு."

"பாதி குடுங்கக்கா."

கடைக்கார அம்மாவுக்குச் சுரைக்காய் லவுக்கி என்றும் பாகற்காய் கரேலா என்றும் தெரியும். முப்பது ரூபாயைத் தீஸ் என்று சொல்லத் தெரியும். எந்த வகுப்பிலும் சேர்ந்து படித்ததில்லை. வாடிக்கையாக வரும் பெண்களிடமிருந்து அவரும், அவரிடமிருந்து அந்தப் பெண்களும் கற்றுக்கொண்டதுதான். ஆவடியைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு இது ஒன்றே போதும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து ஜெர்மனியில் தங்கிய அமெரிக்கப் படையினருக்குக் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அவர்கள் பிள்ளைகளுக்காக 1946-இலேயே அமெரிக்க அரசு அங்கே பள்ளிக்கூடங்களைத் திறந்தது. அமெரிக்கச் சாமான்கள் விற்கும் கடைகளும் வந்தன. ஜெர்மன் மொழியில் ஒரு வார்த்தை பேசாமலே அந்த வளாகங்களுக்குள் மூன்று வருஷத்தை ஓட்டிவிட முடியும். ஆவடியில் அது நடக்காது. வளாகத்துக்குள் எல்லோருக்கும் குவார்ட்டர்ஸ் உடனே கிடைத்துவிடுவதில்லை. காத்திருக்கிறவர்கள் மிட்டனமல்லி, முத்தாபுதுப்பேட்டை, கோவில்பதாகைப் பக்கம் வாடகைக்கு வீடு பிடிக்கிறார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர், ஷேர் ஆட்டோக்காரர், மாவு மில், மருந்துக்கடை என்று பொழுது விடிந்தால் தமிழோடுதான் பிழைப்பு.

பிள்ளைகளின் படிப்பு விஷயத்தில் அரசு நல்ல ஏற்பாடு ஒன்றைச் செய்திருக்கிறது. ஊர் ஊராக மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளை மனதில் வைத்து 1963-இல் ஏற்பட்டவை கேந்திரிய வித்யாலயங்கள். ஆவடி வட்டாரத்திலேயே ஒன்றுக்கு மேல் உண்டு. அஸ்ஸாமில் படித்த அதே பாடப்புத்தகம் இங்கேயும். வருஷ நடுவில் வந்து சேரும் பிள்ளையும் பாடத்தைத் தொடரலாம். தெருவில் விளையாடி நாலைந்து மாதத்தில் தமிழும் பேச ஆரம்பித்துவிடும். அதன் பிறகு மருந்துக்கடையில் அம்மாவுக்கு அதுதான் மொழிபெயர்ப்பாளர்.

அம்மாவுக்கு அப்படி ஓர் ஏற்பாடும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். இந்தப் பெண்களில் பலர் படித்தவர்கள். பி.எட். முடித்திருப்பார்கள், நர்சிங் முடித்திருப்பார்கள். ஊரில் எழுதித் தேறிய மாநில ஆசிரியர் தகுதித் தேர்வு அந்த மாநிலத்துக்குத்தான் செல்லும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்குத் தமிழும் வேண்டும், இங்கத்துத் தேர்வும் வேண்டும். மத்திய அரசின் 'சிடெட்' தேறியிருந்தால் கேந்திரிய வித்யாலயத்தில் ஒப்பந்த ஆசிரியர் வேலைக்கு முயலலாம். அது ஒரு கல்வியாண்டுக்கான வேலை, அடுத்த வருஷம் மறுபடியும் நேர்முகத் தேர்வு. நர்ஸ் என்றால் பதிவு செய்த மாநிலக் கவுன்சிலிலிருந்து தடையில்லாச் சான்று வாங்கி இங்குள்ள கவுன்சிலில் பதிய வேண்டும். காகிதம் போய்க் காகிதம் வந்து, வேலை தேடி, அதில் கால் ஊன்றுவதற்குள் அடுத்த போஸ்டிங் ஆர்டர் வந்து நிற்கும். முப்பத்தைந்து வயதில் அவள் கையில் பட்டம் இருக்கும், எங்கேயும் தொடர்ந்து வேலை பார்த்த அனுபவச் சான்று இருக்காது. கணவனின் சர்வீசுக்குப் பென்ஷன் வரும். அவள் விட்டுக்கொடுத்த வருஷங்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. இது சரியல்ல.

மனது வைத்தால் வழி உண்டு என்பதற்கு ஆவடி ரோட்டிலேயே அத்தாட்சி ஓடுகிறது. முன்பெல்லாம் வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்து, வரியையும் புதிதாகக் கட்ட வேண்டும். பாதுகாப்புப் படையினருக்கும் மத்திய அரசு ஊழியர்களுக்கும் இந்த அலைச்சல் வேண்டாம் என்று 2021 செப்டம்பரில் 'பி.எச்.' வரிசை எண்ணைக் கொண்டுவந்தார்கள். ஒரே நம்பரோடு நாடு முழுக்கப் போகலாம். வண்டிக்குச் செய்து கொடுத்ததை நர்ஸின் பதிவுக்கும் ஆசிரியையின் தகுதிக்கும் செய்து கொடுக்க முடியாதா?

சி.ஆர்.பி.எஃப். குடும்பங்களின் நிலை இன்னும் ஒரு படி கடினம். விமானப்படைக்காரர் பெரும்பாலும் சாயங்காலம் வீடு திரும்பிவிடுவார். சி.ஆர்.பி.எஃப். ஜவானின் பெண்டாட்டி பிள்ளைகள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்க, அவருடைய பட்டாலியன் காஷ்மீரிலோ சத்தீஸ்கரிலோ இருக்கும். எந்த மாநிலத்தில் தேர்தல் வந்தாலும் அங்கே போக வேண்டும். மத்திய ஆயுதக் காவல் படையினர் வருஷத்தில் 100 நாளாவது குடும்பத்தோடு இருக்க வழி செய்யப்படும் என்று உள்துறை அமைச்சர் 2019-இல் அறிவித்தார். நூறு நாள் என்பதே ஓர் இலக்காக வைக்கப்படுகிறது என்றால், மீதி நாட்களை அந்த வீட்டுப் பெண் எப்படி நடத்துகிறாள் என்று யோசித்துப் பாருங்கள். ராத்திரி சாப்பாடு முடிந்து குழந்தை தூங்குவதற்கு முன் வீடியோ கால். சிக்னல் கிடைக்காத இடத்தில் அவர் இருந்தால் அதுவும் கிடையாது. அன்றைக்குச் செய்தி சேனலைப் போடக் கூடாது என்று சில வீடுகளில் வழக்கம் வைத்திருக்கிறார்கள்.

பிரசவ காலத்தில்தான் தூரத்தின் கனம் முழுதாகத் தெரியும். சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் தில்லி போய்ச் சேரவே ஏறக்குறைய ஒன்றரை நாள். அங்கிருந்து இன்னொரு ரயில், பிறகு பஸ். ஊரில் அறுவடையை விட்டுவிட்டு அம்மாவோ மாமியாரோ கிளம்பி வருவதற்குள் வலி கண்டுவிடுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் கூட நிற்பது பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெண். அவள் பஞ்சாப்காரியாக இருக்கலாம், மணிப்பூர்க்காரியாக இருக்கலாம், திருவண்ணாமலைக்காரியாகவும் இருக்கலாம். குழந்தைக்குக் கால் நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட, தெருமுனையில் இருக்கும் நம்மூர்ப் பாட்டி ஒருத்தி வந்து கற்றுக்கொடுத்த வீடுகளும் உண்டு.

இந்த இடத்தில் நம் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பெயர் வழங்குகிறது. தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு படைக்கு அனுப்பும் ஊர். அந்த மாதிரி ஊர்களிலிருந்து வாக்கப்பட்டுப் போன பெண்கள் பதான்கோட்டிலும் அம்பாலாவிலும் இதே டிரங்குப் பெட்டிகளோடு போய் இறங்கியவர்கள்தான். முதல் குளிர்காலத்தை எப்படித் தாண்டுவது என்று தெரியாமல் நின்ற அவர்களுக்கு ரஜாய் கொடுத்தவர், ரொட்டி திரட்டச் சொல்லிக்கொடுத்தவர், ஜுரத்தில் கிடந்த குழந்தையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர் என்று யாரோ ஓர் ஊர்க்காரப் பெண்மணி ஒவ்வொருவர் பேச்சிலும் வருவார். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய குடும்பங்களில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

ஆவடி 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது. வாடகையும் கூடவே ஏறிவிட்டது. வடக்கிலிருந்து வந்தவர்கள் என்றதும் வீடு இல்லை என்று கையை விரிப்பதையும், பத்து மாத அட்வான்ஸ் கேட்பதையும் நான் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. தெரிந்த நாம் சொல்லிக்கொடுக்கலாம்.

பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் மாற்றல் லாரிகள் அதிகம் வரும். உங்கள் தெருவில் கறுப்புப் பெட்டிகளோடு ஒரு குடும்பம் வந்து இறங்கினால் முதல் நாளே போய்ப் பேசுங்கள். தண்ணீர் எப்போது வரும், எந்த மாவு மில்லில் கோதுமை அரைப்பார்கள், ராத்திரியில் எந்த டாக்டர் இருப்பார் என்று சொல்லுங்கள். வீட்டில் ஒரு போர்ஷன் காலியாக இருந்தால், மொழி தெரியாதவர்கள் என்பதற்காக இல்லை என்று சொல்லாதீர்கள்.

(தொடரும்)