உஷார்! "விசாவே வேண்டாம், டிக்கெட் ரெடி" என்றால் கிளம்பிவிடாதீர்கள்!

ஸ்ரீரங்கப்பட்டணத்து அம்மாக்களே, அப்பாக்களே, கொஞ்சம் நில்லுங்கள். டிப்ளமோவோ டிகிரியோ முடித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? பக்கத்தில் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள்.

பாஸ்போர்ட் எடுப்பது இன்று நமக்குச் சுலபம். தபால் நிலையத்தில் பாஸ்போர்ட் சேவை மையம் நாட்டிலேயே முதலில் திறந்த ஊர்களில் மைசூரும் ஒன்று; அது 2017 ஜனவரியில். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆபத்து அதற்குப் பிறகுதான் வருகிறது. பிள்ளையின் போனில் ஒரு விளம்பரம் வரும்: "பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை. சாப்பாடு, ரூம் ஃப்ரீ. விசா தேவையில்லை."

அந்தக் கடைசி வரிதான் தூண்டில்!

2022-இல் இதில் சிக்கிய ஒரு பையனுக்கு என்ன ஆனது, கேளுங்கள். பெயர் வேண்டாம். இன்டர்வியூ ஆன்லைனில் முடிந்தது. டைப்பிங் வேகத்தைத்தான் பார்த்தார்கள். பாங்காக்கில் இறங்கியதும் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது. வேலை விசா கிடைத்துவிட்டது என்றே நம்பினான். வெளியே கார் நின்றது. "ஆபீஸ் பக்கம்தான்" என்றார்கள். பல மணி நேரம் ஓடிய கார் மே சாட் என்ற எல்லை ஊரில் நின்றது. அங்கே மோய் ஆற்றைக் கடக்க வைத்தார்கள். அக்கரை தாய்லாந்து இல்லை. மியான்மரின் மியாவாடி!

துப்பாக்கிக் காவல். போனைப் பறித்தார்கள், பாஸ்போர்ட்டைப் பறித்தார்கள். இணையத்தில் பெண்ணாக நடித்து, முன்பின் தெரியாதவர்களைப் பேசி மயக்கி, கிரிப்டோவில் பணம் போட வைக்க வேண்டும். அதுதான் வேலை. மாட்டேன் என்றால் அடி, மின் அதிர்ச்சி. விடுவதற்கு லட்சக்கணக்கில் பணம் கேட்டார்கள்.

அவன் ஒருவன் மட்டும் இல்லை. அந்த செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அக்டோபரில் 13 தமிழர்கள் சென்னைக்கு மீட்டு வரப்பட்டார்கள். அதோடு முடிந்ததா? 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை விமானங்கள் அழைத்து வந்தன. நம் கர்நாடகத்துக் கல்புர்கி இளைஞர்களை உதவியாளர் வேலை என்று ரஷ்யாவுக்கு அழைத்துப் போய், போர்முனைக்கு அனுப்பியதும் நடந்ததுதான்.

விசா வேண்டாம் என்றால் என்ன அர்த்தம்? சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு வேண்டாம். வேலை பார்க்க வருகிறவருக்குக் கண்டிப்பாக வேண்டும். வேலை விசா கேட்டுப் போனால், கம்பெனி எது, சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் எங்கே என்று தூதரகம் துருவும். டூரிஸ்டாகப் போனால் அந்தக் கேள்வியே இல்லை. ஏஜென்டுக்கு வேண்டியதும் அதுதான். ஈரான் 2024-இல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் வர அனுமதி கொடுத்தது. வேலை ஆசை காட்டி அழைத்துப்போய், பணம் கேட்டுக் கடத்தும் கும்பல்கள் கிளம்பின. 2025 நவம்பரில் அந்தச் சலுகையே நிறுத்தப்பட்டது.

"என் பிள்ளை படித்தவன், ஏமாற மாட்டான்" என்கிறீர்களா? அவனுக்குத்தான் ஆபத்து அதிகம்! பத்தாவது தேறாதவர் தாய்லாந்து, மலேசியா, வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். யாராவது ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். பத்தாவது தேறியவருக்கு அந்த அனுமதியே தேவையில்லை. ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டியது அவரும் நீங்களும்தான்.

இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் உஷார்!

1. "முதலில் டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்." வேலை அனுமதி கைக்கு வரும்வரை ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றம். பிடிபட்டால் மாட்டுவது ஏஜென்ட் இல்லை, உங்கள் பிள்ளை.

2. "ஏர்போர்ட்டில் கேட்டால் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்." பொய் சொல்லச் சொல்கிறவன் வேலை தரப்போவதில்லை.

3. ஏஜென்டுக்கு உரிமம் இல்லை. 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு செய்யாமல் ஆள் எடுப்பது குற்றம்.

4. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்று சட்டம் சொல்வது ரூ.30,000, அதற்கு ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். லட்சங்களில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

5. பாஸ்போர்ட்டை "எங்களிடமே இருக்கட்டும்" என்கிறார்கள். கொடுக்காதீர்கள்!

6. "விசா முடிந்தாலும் பரவாயில்லை." துபாயில் அப்படித் தங்கினால் நாளொன்றுக்கு 50 திர்ஹாம் அபராதம் ஏறிக்கொண்டே போகும்.

7. "சில வருஷத்தில் சிட்டிசன் ஆகிவிடலாம், இந்தியக் குடியுரிமையும் இருக்கும்." பச்சைப் பொய்! வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கினால், 1955-ஆம் வருஷச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை எடுக்கலாம், ஆனால் ஓட்டு இல்லை. புதிதாகக் கரும்புத் தோட்டமோ நெல் வயலோ விலைக்கு வாங்கவும் முடியாது.

கிளம்பும் முன் என்ன செய்வது? ஏஜென்டின் உரிம எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் தேடுங்கள். பெயர் அங்கே இல்லையா? பேச்சை அத்தோடு விடுங்கள். விசாவில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது, ஒப்பந்தத்தில் இருக்கும் கம்பெனியும் விசாவில் இருக்கும் கம்பெனியும் ஒன்றுதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், டிக்கெட் எல்லாவற்றின் நகலும் வீட்டில் இருக்கட்டும். சந்தேகமா? வெளியுறவு அமைச்சகத்தின் இலவச எண் 1800 11 3090. கூப்பிட்டுக் கேளுங்கள்.

நகையை அடகு வைத்தாகிவிட்டது, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, இனி எப்படி நிறுத்துவது என்று தயங்காதீர்கள். நகையை மீட்டுக்கொள்ளலாம். பிள்ளை ஏற்கெனவே போய்ச் சிக்கியிருந்தால் மானம் போகுமே என்று மறைக்காதீர்கள். கும்பலுக்குப் பணம் அனுப்பும் முன் போலீஸுக்குச் சொல்லுங்கள், அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்கு எழுதுங்கள், மேலே உள்ள எண்ணுக்குப் போன் போடுங்கள். இன்றே செய்யுங்கள். ஒவ்வொரு நாள் தாமதமும் அங்கே அவன் உடம்பில் விழும் அடி!