‘ப’வைத் தேடி டெல்லிக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். “டெல்லி டூர்” என்று அறிவித்ததும் பெற்றோர் முதலில் கேட்பது, “எத்தனை இடம் காட்டுவீங்க டீச்சர்?” என்றுதான். டிராவல்ஸ் பட்டியல்களில் ஒரே நாளுக்கு எட்டு, ஒன்பது இடம் போட்டிருப்பார்கள். இறங்கு, போட்டோ எடு, ஏறு. அவ்வளவு தூரம் போய் அப்படி ஓடுவதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு நாளைக்கு இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று போதும். எந்த இடம் என்பதைப் பாடப்புத்தகம் முடிவு செய்யட்டும். படித்த பாடத்தில் எந்தக் கேள்விக்கு அங்கே போய் நின்றால்தான் விடை கிடைக்குமோ, அந்த இடத்துக்குப் போவோம்.

நாங்கள் அழைத்துப் போவது ஒன்பதாம் வகுப்பை. அவர்களுக்குப் பொதுத்தேர்வு இல்லை. 15 வயது நிரம்பாதவர்களுக்குத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் நுழைவுக் கட்டணமும் கிடையாது. இவற்றைவிட முக்கியமான காரணம், அந்த வகுப்பில் வரும் பழந்தமிழ்ச் சமூகம் பற்றிய பாடம். அசோகர் கல்வெட்டில் சோழரும் பாண்டியரும் குறிக்கப்படுகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் ஒரு மதிப்பெண் வினாவுக்காக மனப்பாடம் செய்துவிடுவார்கள். அந்தக் கல்வெட்டு எப்படி இருக்கும், அதில் எந்த இடத்தில் சோழர் பெயர் இருக்கிறது என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். எங்கள் பயணத்துக்கு அந்த ஒரு வரிதான் அச்சாணி.

அதனால் டெல்லிக்கு முன்னால் சித்தன்னவாசல். பக்கத்திலேயே இருக்கிறது, பலர் ஓவியம் பார்க்கப் போயிருக்கிறார்கள். நான் கூட்டிப்போவது ஏழடிப்பட்டத்துக்கு. அங்கே சமண முனிவர்களின் கற்படுக்கைகளுள் ஒன்றில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ்பிராமி எழுத்து வெட்டப்பட்டிருக்கிறது. பாதை குறுகல், கம்பியைப் பிடித்து ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் கரும்பலகையில் பிராமி எழுத்துகளை எழுதிப்போடுவேன். ‘க’ கூட்டல் குறி மாதிரி இருக்கும். ‘ம’ ஒரு வட்டம், அதன் மேலே இரண்டு கொம்பு. ‘ப’ ஏறக்குறைய நம் ‘ப’வேதான். ஒரு வாரத்தில் பிள்ளைகள் தங்கள் பெயரையே பிராமியில் எழுதப் பழகிவிடுவார்கள்.

இந்த எழுத்தறிவோடு டெல்லியில் இறங்கும்போது ஊரே வேறாகத் தெரிகிறது. ஜன்பத் சாலையில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தின் முகப்பில், குஜராத்தின் கிர்நார் பாறையில் உள்ள அசோகர் கல்வெட்டின் நகல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைத் தாண்டி உள்ளே போய்விடுவார்கள். எங்கள் பிள்ளைகள் அங்கேதான் முதலில் நிற்பார்கள். கிர்நாரின் இரண்டாம் சாசனம், மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ வசதி செய்ததைச் சொல்லும்போது, எல்லைக்கு அப்பால் உள்ளவர்களாகச் சோழரையும் பாண்டியரையும் சதியபுத்திரரையும் கேரளபுத்திரரையும் குறிக்கிறது. அந்த வரியை மட்டும் தாளில் பெரிதாக அச்சிட்டு ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்துவிடுவேன். தாளையும் பாறையையும் மாற்றி மாற்றிப் பார்த்துத் தேட வேண்டும். “டீச்சர், நம்ம ப!” என்று ஒரு பெண் கத்தியதும் மற்றவர்கள் அங்கே ஓடினார்கள். அது பாண்டியரின் ‘பா’தானா, வேறு சொல்லின் எழுத்தா என்று அவர்களுக்குள் நடந்த வாக்குவாதத்தை நான் நிறுத்தவில்லை. கல்வெட்டு ஆய்வாளர்கள் செய்யும் வேலையும் அதுதானே.

அங்கிருந்து ஃபிரோஸ் ஷா கோட்லா. ஹரியானாவின் தோப்ராவிலிருந்து 14ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் பெயர்த்துக் கொண்டுவந்த அசோகர் தூண் அங்கே நிற்கிறது. அவர் காலத்தில் அதைப் படிக்க ஒருவராலும் முடியவில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமியின் புதிரை அவிழ்த்தபோது அவருக்குப் பெரிதும் உதவியவற்றில் இந்தத் தூணின் எழுத்துகளும் அடக்கம். தூண் உயரத்தில் இருக்கிறது, நெருங்கிப் போக எப்போதும் விடுவதில்லை. ஆகவே இதற்கும் அச்சிட்ட தாள் கையில் இருக்க வேண்டும்.

அருங்காட்சியகத்துக்குள் எல்லாக் கூடத்தையும் சுற்ற வேண்டியதில்லை. சிந்துவெளிக் கூடமும் வெண்கலக் கூடமும் போதும். மொகஞ்சதாரோவின் நடனமாது சிலை உயரம் 10.5 செ.மீ. புத்தகத்தில் அரைப் பக்கம் நிறைந்து நிற்பவள், கண்ணாடிக்குப் பின்னால் உள்ளங்கை அளவில் இருப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் திகைக்கிறார்கள். வெண்கலக் கூடத்தில் எங்களுக்கென்றே ஒரு சொந்தம் காத்திருக்கிறது: திருவரங்குளத்து நடராசர். புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் உள்ள ஊர் அது. வகுப்பில் சிலருக்கு அத்தை வீடு அங்கேதான். இடக்காலைக் குறுக்கே தூக்கிய வழக்கமான கோலம் இல்லை. இரண்டு முழங்காலும் மடங்கிய சதுர தாண்டவம். சோழர் காலத்து வார்ப்பு. அங்கே தரையில் உட்கார்ந்து படம் வரையச் சொல்வேன். வரைந்தால்தான் கண் நிற்கும்.

கணக்கு ஆசிரியரும் எங்களோடு வருகிறார். ஜந்தர் மந்தர் அவர் பொறுப்பு. ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் ஜெய்சிங் 1724-இல் அமைத்த வானாய்வுக் கூடம் அது. அங்கே சாம்ராட் யந்திரம் என்னும் பிரம்மாண்டமான சூரியக் கடிகாரத்தின் சாய்வு, டெல்லியின் அட்சரேகைக்குச் சமம். அதாவது 28 பாகைக்குச் சற்று மேல். அதையே புதுக்கோட்டையில் கட்டினால் 10 பாகைதான் சாய்க்க வேண்டும் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும் என்பது அவர் கணக்கு. சொல்லிவிடுகிறார்கள்.

நாடாளுமன்றத்துக்கு முன்கூட்டியே முயல வேண்டும். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதி பெற உறுப்பினரின் பரிந்துரை தேவை. கூட்டத்தொடர் நடக்கும் காலமாக அமைந்தால், மக்களவையில் காலை 11 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரம்தான் மாணவர்கள் பார்க்க வேண்டியது. கிடைக்காவிட்டால் தீன் மூர்த்தி வளாகத்தில் 2022-இல் திறந்த பிரதமர்கள் அருங்காட்சியகத்தில் அரசியலமைப்பு உருவான கதையைக் காட்டலாம். காந்தி ஸ்மிருதியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடமாட்டேன். காந்தி தம் கடைசி 144 நாட்களைக் கழித்த வீடு. அவர் பிரார்த்தனைக்கு நடந்த பாதையில் காலடிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அங்கே நான் பாடம் நடத்துவதில்லை.

இனி நடைமுறை. திங்கட்கிழமையை முதலில் கவனியுங்கள். தேசிய அருங்காட்சியகம், செங்கோட்டை, காந்தி ஸ்மிருதி, ரயில் அருங்காட்சியகம் எல்லாம் அன்று மூடியிருக்கும். குதுப் மினார், ஜந்தர் மந்தர், இந்தியா கேட், தேசியப் போர் நினைவகம் ஆகியவற்றை அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஜனவரியில் குடியரசு தின ஒத்திகைக்காகச் சாலைகளை அடைப்பார்கள். பனிமூட்டத்தால் ரயில்களும் தாமதமாகும். நவம்பரில் காற்று மாசு, ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கு ஆகாது. காலாண்டுத் தேர்வு விடுமுறையே எங்களுக்கு ஏற்றது. ஸ்வெட்டருக்குச் செலவழிக்கவும் வேண்டியதில்லை.

ரயிலில் கல்விச் சுற்றுலா மாணவர்களுக்கு ஸ்லீப்பர் வகுப்பில் 50 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. கிராமப்புற அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம். தலைமையாசிரியரின் சான்றோடு ரயில் நிலையக் கவுன்ட்டரில் வாங்க வேண்டும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஆகவே கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோரின் ஒப்புதல் கடிதம், ஆதார் நகல் எல்லாம் அதற்குள் ஃபைலில் இருக்க வேண்டும். ஜூனிலேயே தொடங்கினால்தான் முடியும். சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 2,180 கிலோமீட்டர். விமானத்தில் போக யாராவது பணம் கொடுத்தாலும் ரயிலையே கேட்பேன். கோதாவரிப் பாலம், நாக்பூர்ப் பக்கத்துக் கரிசல் மண், மாலையில் சாத்பூரா மலை என்று புவியியல் பாடம் ஜன்னலோரம் நடந்துகொண்டே வரும்.

சலுகை போக மீதிப் பணமும் கட்ட முடியாத வீடுகள் உண்டு. முன்னாள் மாணவர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்கத் தயங்கமாட்டேன். அப்படியும் சிலர் வரமுடியாமல் போகிறது. பணம் இருந்தும் பெண்ணை அனுப்ப மறுக்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்களை விட்டுவிட்டுப் போவது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கிறது. அதனால் கேள்விகளை எழுதும் பொறுப்பு ஊரில் இருப்பவர்களுக்கு. போகிறவர்கள் அந்தக் கேள்விகளை நோட்டில் ஒட்டிக்கொண்டு போய், விடையோடு வந்து வகுப்பில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். பயணக் கட்டுரை எழுதச் சொல்லும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன்.

அப்படி வரமுடியாத ஒரு மாணவி எழுதிக்கொடுத்தது இது: “திருவரங்குளத்து நடராசர் யாருக்குச் சொந்தம்? கோயிலுக்கா, தமிழ்நாட்டுக்கா, டெல்லிக்கா?” போய்வந்தவர்களுக்குள் இதில் ஒருமித்த கருத்து இல்லை. பூசை செய்த சாமி ஊருக்கே திரும்ப வேண்டும் என்றது ஒரு பக்கம். அங்கே இருப்பதால்தான் நாடே பார்க்கிறது, பாதுகாப்பும் இருக்கிறது என்றது மறுபக்கம். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டாள் அவள். பத்தாம் வகுப்புக் குடிமையியல் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி, அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் உள்ள மூன்று பட்டியல்களைத் திறந்தோம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவையாக அறிவிக்கப்பட்ட தொன்மைச் சின்னங்கள் மத்தியப் பட்டியலில். மாநிலத்தின் அருங்காட்சியகங்கள் மாநிலப் பட்டியலில். மற்ற தொல்லியல் இடங்கள் பொதுப் பட்டியலில். அடுத்த ஆண்டு நடத்த வேண்டிய பாடம் அது. கேட்டவர்கள் இந்த ஆண்டே கேட்டுவிட்டதால், அந்த வாரமே நடத்தினேன்.