"அப்பா வேலை எனக்குக் கிடைக்குமா, அக்கா?"

இரவு நேயர் விருப்பம். கோலசிலாங்கூரிலிருந்து ஒரு பெண் அழைத்தார். தம் அப்பாவுக்குப் பிடித்த பழைய பாடல் ஒன்றைக் கேட்டார். "அப்பா தமிழ்ப்பள்ளி ஆசிரியர், அக்கா. நாலு மாசத்துக்கு முன்னாடி தவறிட்டார்" என்று சொல்லும்போதே குரல் கம்மிவிட்டது.

பாட்டைப் போட்டுவிட்டு, ஒலிபரப்புக்கு வெளியே அவருடன் பேசினேன். வயது 19. பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. கீழே படிக்கும் தம்பிகள் இருவர். அம்மா வேலைக்குப் போனதில்லை. தமிழ்நாட்டில் இருக்கும் சித்தப்பா முறை உறவினர், "இங்கே வாத்தியார் இறந்தா பிள்ளைக்கு வேலை கொடுப்பாங்க. உங்க ஊர்லயும் கேட்டுப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். பழைய தோட்டத்து அண்டை வீட்டாரும் அதையே சொன்னார்களாம்.

"படிப்பை நிறுத்திட்டு வந்துடலாம்னு இருக்கேன். அப்பா வேலை எனக்குக் கிடைக்குமா, அக்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இப்படிப்பட்ட கேள்வி இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும் என்பதால், விசாரித்ததை இங்கேயும் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

உறவினர் சொன்னது பொய்யில்லை. இந்தியாவில் அரசு ஊழியர் பணியில் இருக்கும்போதே இறந்தால், அவருடைய மனைவி, கணவர் அல்லது பிள்ளைகளில் ஒருவருக்கு அரசு வேலை தரும் ஏற்பாடு உண்டு. 'கருணை அடிப்படையிலான பணி நியமனம்' என்பது அதன் பெயர். அரசுப் பள்ளி ஆசிரியர்களின் குடும்பங்களும் இதில் அடக்கம்.

ஆனால், அப்பா உட்கார்ந்த நாற்காலியே பிள்ளைக்கு வந்துவிடும் என்று நினைத்தால் அது தவறு. 1994-இல் உமேஷ்குமார் நாக்பால் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இது வாரிசுச் சொத்து அல்ல. சம்பாதிப்பவரைத் திடீரென இழந்த குடும்பம் அந்த நெருக்கடியைத் தாண்டுவதற்கான கைத்தாங்கல் மட்டுமே. அதுவும் கீழ்நிலைப் பதவிகளுக்கு மட்டும்தான். அதனால் தமிழ்நாட்டில் ஆசிரியரின் பிள்ளை பெரும்பாலும் இளநிலை உதவியாளராகவோ அலுவலக உதவியாளராகவோதான் சேர்கிறார். வகுப்பறையில் நின்று பாடம் நடத்த வேண்டுமென்றால் அதற்குரிய படிப்பும் தகுதித் தேர்வும் தனி.

காலக்கெடுவும் இருக்கிறது. தமிழ்நாட்டில் இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. 10 வயதில் அப்பாவை இழந்த பிள்ளைக்கு 18 வயது ஆவதற்குள் கெடு முடிந்துவிடும். இதற்காக நீதிமன்றப் படியேறிய குடும்பங்கள் ஏராளம். மத்திய அரசுப் பணிகளிலோ, இதற்கென ஒதுக்கப்படுவது நேரடி நியமன இடங்களில் 5 விழுக்காடு மட்டுமே. வரிசை நீளம், இடம் குறைவு.

மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டால் அவர் வாரிசு இல்லை என்ற விதியும் பல மாநிலங்களில் இருந்தது. அது செல்லாது என்று 2015-இல் அலகாபாத் உயர் நீதிமன்றமும், 2020-இல் கர்நாடக உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. மகன் கல்யாணம் செய்தாலும் மகன்தானே, மகள் மட்டும் எப்படி அந்நியமாவாள் என்பதுதான் கேள்வி.

நம் தோட்டத்து 'வாரிசு வேலை'

அண்டை வீட்டார் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதும் எனக்குப் புரிந்தது. அவர்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். தோட்டத்தில் அப்பா வேலை பிள்ளைக்கு வந்தது உண்மை. எந்தச் சட்டமும் அதைக் கொடுக்கவில்லை. வீடுதான் கொடுக்க வைத்தது.

லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் பெரட்டுக்குப் போனால்தான் வீடு தங்கும். பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்த இன்றைய பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் என்று எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும் பெரியவர்கள் இதைச் சொல்வார்கள்.

என் தாய்மாமாவின் கதையும் அதுதான். தாத்தா இறந்தபோது மாமாவுக்கு 16 வயது. இடைநிலைப் பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரர். பாட்டிக்கு மூச்சிரைப்பு, காட்டுக்குப் போக முடியாது. என் அம்மா சின்னப் பெண். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே மாமா, தாத்தாவின் பால்வெட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் அதே தோட்டத்தில் இருந்து, அங்கேயே ஓய்வு பெற்றார்.

இந்தக் கட்டுரைக்காக அவரிடம் பேசினேன். "வேலை கெடைச்சது நல்லதுதாம்மா. வீடு நின்னுச்சு. உங்கம்மா படிச்சா. ஆனா, உனக்கு என்ன ஆகணும்னு ஆசைன்னு யாரும் என்னைக் கேட்கல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

வேலையோடு வீட்டைக் கட்டிப்போட்டதன் விலையை நம் சமூகம் பெரிதாகவே கொடுத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அதைக் கண்டுதான் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சிலாங்கூரின் வடபகுதியில் மேரி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் போராடியதை நாம் அறிவோம்.

இங்கே வேலை இல்லை, உரிமை உண்டு

அப்படியானால் மலேசியாவில் ஆசிரியரின் பிள்ளைக்கு என்ன? நேரடிப் பதில் இதுதான்: அப்பாவின் வேலை பிள்ளைக்கு வராது. ஆசிரியராக வேண்டுமென்றால் மற்றவர்களைப்போல் படித்து, விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும்.

ஆனால் வெறுங்கையாக விடவில்லை. 1980-ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்கீழ், ஓய்வூதியத் திட்டத்தில் இருக்கும் அரசு ஆசிரியர் பணியில் இருக்கும்போது இறந்தால், குடும்பத்துக்கு இரண்டு உரிமைகள் உண்டு. ஒன்று, மொத்தமாக வரும் பணிக்கொடை. மற்றொன்று, மாதாமாதம் வரும் வாரிசு ஓய்வூதியம். மலாயில் இதைப் 'பென்சென் தெர்பித்தான்' என்பார்கள்.

கணக்கு சுலபம். 15 ஆண்டுகள், அதாவது 180 மாதங்கள் பணியாற்றிய ஆசிரியரின் கடைசி அடிப்படைச் சம்பளம் 4,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியத்துக்கு 180-ஐ 4,000-ஆல் பெருக்கி 600-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 1,200 வெள்ளி வரும். பணிக்கொடை, சம்பளத்தில் 7.5 விழுக்காட்டை 180 மாதங்களால் பெருக்கினால் வருவது: 54,000 வெள்ளி.

இதில் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. 21 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத பிள்ளைகள் தகுதி பெறுகிறார்கள். 21 வயதைத் தாண்டினாலும் உயர்கல்வியில் இருந்தால் முதல் பட்டப்படிப்பு முடியும் வரை தகுதி தொடரும். உடற்குறை, மனவளக் குறையால் தாமாகச் சம்பாதிக்க முடியாத பிள்ளைகளுக்கும் தனிப் பாதுகாப்பு உண்டு.

அந்தத் தங்கைக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இந்த வரிகளில்தான் இருந்தது. படிப்பை நிறுத்தினால் அவருக்குக் கிடைக்கப்போவது எதுவுமில்லை. படித்துக்கொண்டிருந்தால் சட்டமே துணைக்கு வருகிறது.

தோட்டத்திலும் தனியார் நிறுவனத்திலும் வேலை செய்யும் பெற்றோருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அவர்களுக்குப் பெர்கேசோ இருக்கிறது. நாம் சொக்சோ என்று சொல்வது. தகுதிக்குரிய சந்தா கட்டியிருந்தால், இறந்தவரின் துணைக்கும் பிள்ளைகளுக்கும் அங்கிருந்து மாதாந்தர உதவித்தொகை வரும். அங்கும் படிக்கும் பிள்ளைக்கு முதல் பட்டம் வரை இடமுண்டு. என் மாமா காலத்தில் இது இருந்திருந்தால் அந்தக் கத்தி அவர் கைக்கு வந்திருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கே சிக்கிக்கொள்கிறது?

உரிமை இருக்கிறது என்பதும் அது கைக்கு வருகிறது என்பதும் வேறு வேறு. நம் குடும்பங்கள் தடுக்கி விழும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

முதலாவது, திருமணப் பதிவு. 1982 மார்ச் 1 முதல் நாட்டில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணம் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டிப் பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். முப்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும், சான்றிதழ் இல்லாத மனைவி முகப்பிடத்தில் நிற்கும்போது மனைவி இல்லை என்றாகிவிடும்.

இரண்டாவது, பெயர். அடையாள அட்டையில் ஒன்று, பிறப்புச் சான்றிதழில் இன்னொன்று. ஓர் எழுத்து மாறினாலும் மாதக்கணக்கில் இழுக்கும்.

மூன்றாவது, எந்தத் திட்டம் என்பது. 1991 ஏப்ரல் 12-க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் ஓய்வூதியமா, ஊழியர் சேமநிதியா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். சேமநிதியைத் தேர்ந்தவரின் குடும்பத்துக்கு வாரிசு ஓய்வூதியம் இல்லை, சேமித்த பணம்தான். இறந்த பிறகுதான் இதைத் தெரிந்துகொள்ளும் குடும்பங்கள் உண்டு.

நான்காவது, புதிதாகச் சேரும் இளம் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது. 2024 பிப்ரவரி 1 முதல் அரசுப் பணிக்கு வரும் புதியவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது. சேமநிதியும் பெர்கேசோவும்தான். எனவே சேமநிதியில் யார் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்பது மிக முக்கியம். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் இறந்தால், பெயர் எழுதப்பட்டவருக்கே பணம் போகும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரைப் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற மறந்தவர்கள் எத்தனை பேர்? மனைவி பெயர் தானாக அதில் ஏறிவிடாது.

இன்று இரவே ஒரு வேலை

நம் வீடுகளில் சாவைப் பற்றிப் பேசினால், "வாய்ல நல்லதே வராதா?" என்று அதட்டுவார்கள். அதனால்தான் எந்தக் காகிதம் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. ஒரு கோப்பு வாங்குங்கள். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், பணி நியமனக் கடிதம், ஓய்வூதியத் தேர்வுக் கடிதம், சேமநிதி வாரிசுப் படிவத்தின் நகல், இவ்வளவையும் அதில் வையுங்கள். கோப்பு எந்த அலமாரியில் என்று மூத்த பிள்ளையிடம் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை.

மறுவாரம் அந்தத் தங்கையை நானே அழைத்தேன். அப்பா ஓய்வூதியத் திட்டத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். பள்ளித் தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பம் போயிருக்கிறதாம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் சான்றிதழை இணைக்கச் சொன்னேன்.

"அப்போ வேலை கிடைக்காதா, அக்கா?"

"அப்பா வேலை கிடைக்காதுடா. உன் வேலையை நீ தேடிக்க நேரம் கிடைக்கும்."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "என்னவா ஆகணும்னு இருக்கே?" என்று கேட்டேன். மாமாவிடம் யாரும் கேட்காத கேள்வி.

"டீச்சர்தான், அக்கா. ஆனா நானே பாஸ் பண்ணி."