ஒரு கம்ப்ரசர், மூன்று அறைகள்

மாணவர்களே, சென்ற ஆண்டு ஓரிரவு எங்கள் வீவக வீட்டின் மூன்று அறைகளும் ஒன்றாகப் புழுங்கின. பழுதானதோ ஒரே பொருள்: வெளியே மாட்டியிருந்த கம்ப்ரசர்.

கடைகளில் 'சிஸ்டம் 3' என்பார்கள். வெளியே ஒரு கம்ப்ரசர், உள்ளே மூன்று குளிர்சாதனங்கள். வெளியே இடம் குறைவு என்பதால் அடுக்குமாடி வீடுகளில் பலர் இதை வாங்குகிறார்கள். ஒவ்வோர் அறைக்கும் தனி வெப்பநிலை வைக்கலாம்.

சரி, ஓர் அறை மட்டும் இயங்கினால் அந்தக் கம்ப்ரசர் என்ன செய்யும்? பழைய வகை முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் வகை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு. மூன்று அறைகளுக்கான கம்ப்ரசர் ஒரு சிறிய படுக்கையறைக்காக மட்டும் ஓடும்போது, தேவை அந்த எல்லைக்கும் கீழே போகலாம். அப்போது இதுவும் விட்டுவிட்டுத்தான் ஓடும். குளிர்ந்த சுருளில் காற்றின் ஈரம் படிந்து நீராக வடிவதைப் பார்த்திருப்பீர்கள். கம்ப்ரசர் நிற்கும்போது அந்த வேலையும் நின்றுவிடும். அறை குளிர்ந்திருந்தும் பிசுபிசுக்கும்.

ஆகவே முதலில் ஆள்களை எண்ணுங்கள். இரவு 11 மணிக்கு உங்கள் வீட்டில் எத்தனை அறைகளில் குளிர்சாதனம் ஓடுகிறது? மூன்றிலும் என்றால் சிஸ்டம் 3 பொருந்தும். பாட்டியின் அறையில் மட்டும் நாள் முழுக்க ஓடுகிறதா? அதற்குத் தனிக் கம்ப்ரசர், மற்ற இரண்டுக்கும் சேர்த்து ஒன்று வைக்கலாம். விலை கூடும், வெளியே இரண்டு பெட்டிக்கு இடமும் வேண்டும். ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும்.

நாங்கள் அப்படித்தான் மாற்றினோம். அறைக் கதவை மூடச் சொல்லித்தான் இன்னும் சண்டை. திறந்திருந்தால் கூடத்தின் வெப்பத்தையும் அந்த ஒரு கம்ப்ரசர்தான் சுமக்கிறது.